கையில் இரண்டு ரகம் நீளமாக இருந்தால்: பிரிட்ஜில் இரண்டாவது ஏலம்

எங்கள் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் சீட்டுக்கட்டைக் கண்டாலே சூதாட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிரிட்ஜ் என்பது இருவர் இருவராக அணி சேர்ந்து நால்வர் ஆடும் சீட்டாட்டம். அதில் பணம் வைத்து ஆடவேண்டிய அவசியமே இல்லை, மூளைதான் செலவாகும் என்று வீட்டில் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

புள்ளி எண்ணவும் முதல் ஏலம் சொல்லவும் பழகிவிட்டவர்களுக்கு உரிய பாடம் இது. ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1. கட்டு முழுவதும் 40 புள்ளி. ரகங்களில் கிளாவர் தாழ்ந்தது, அதற்கு மேல் டைமண்ட், பிறகு ஹார்ட், உச்சியில் ஸ்பேட். 1 என்று ஏலம் சொன்னால் 7 பிடி எடுக்கவேண்டும் (ஆளுக்கொரு சீட்டுப் போடும் சுற்றை வென்றால் ஒரு பிடி). 2 என்றால் 8, 3 என்றால் 9.

முதல் படி: நீளமான ரகத்தை முதலில் சொல்லுங்கள். இரண்டும் ஐந்தைந்து என்றால் உயர்ந்த ரகம் முதலில்.

இரண்டாவது படி: கூட்டாளியின் பதிலைக் காதில் வாங்குங்கள். அவர் 1 ஸ்பேட் என்று சொல்லி, உங்களிடமும் நான்கு ஸ்பேட் இருந்தால், அதையே உயர்த்துங்கள். துருப்பு, அதாவது மற்ற ரகங்களை வெட்டும் ரகம், கிடைத்துவிட்டது. உங்கள் இரண்டாவது ரகத்தை இனி யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது படியில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். இந்தக் கையை மேசையில் பரப்பிப் பாருங்கள்:

ஸ்பேட் 5
ஹார்ட் ஏஸ், ராணி, 8, 4
டைமண்ட் ஏஸ், ராஜா, 10, 7, 3
கிளாவர் 9, 6, 2

13 புள்ளி. நீங்கள் 1 டைமண்ட், கூட்டாளி 1 ஸ்பேட். கையில் நான்கு ஹார்ட் பளபளக்கிறது. 2 ஹார்ட் சொல்லத்தான் நாக்கு துடிக்கும். அடக்குங்கள். எங்கள் மேசையில் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார்: “தம்பி, உன் முதல் ரகம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்றால், நான் எங்கே போய் நிற்கவேண்டும்?” டைமண்ட் ஹார்ட்டைவிடத் தாழ்ந்த ரகம் என்பதால், 2 ஹார்ட்டுக்குப் பிறகு டைமண்டுக்குத் திரும்பக் கூட்டாளி 3 டைமண்ட் சொல்லியாகவேண்டும். அவரிடம் வெறும் 6 புள்ளி இருக்கலாம். இருவருக்கும் சேர்த்து 19 புள்ளி, கட்டில் பாதிகூட இல்லை. எடுக்கவேண்டியதோ 9 பிடி. ஆகவே 2 டைமண்ட் சொல்லி அமைதியாக இருங்கள். ஐந்து சீட்டை இரண்டு முறை சொல்வது அழகில்லைதான். ஆனால் இந்தக் கைக்கு வேறு பொருத்தமான ஏலம் கிடையாது.

இப்போது ஹார்ட்டையும் டைமண்டையும் மட்டும் இடம் மாற்றுங்கள். ஹார்ட் ஐந்து, டைமண்ட் நான்கு, அதே 13 புள்ளி. 1 ஹார்ட், 1 ஸ்பேட், 2 டைமண்ட். கூட்டாளி 2 ஹார்ட்டிலேயே திரும்பிவிடலாம். ஏலம் மூன்றாம் மட்டத்துக்கு ஏறவே இல்லை. கையின் பலம் அப்படியே இருக்க, ரகங்களின் வரிசை மட்டுமே பதிலை மாற்றிவிட்டது. இதைப் பிடித்துக்கொண்டால் பாடத்தில் முக்கால்வாசி முடிந்தது.

முதல் கையில் கிளாவர் 9, 6, 2 இருந்த இடத்தில் ராஜா, ராணி, 2 இருந்தால்? 18 புள்ளி. இப்போது 2 ஹார்ட் தாராளமாகச் சொல்லலாம். முதலில் சொன்னதைவிட உயர்ந்த ரகத்தை இப்படி இரண்டாம் மட்டத்தில் சொல்வதற்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர். குறைந்தது 16 என்பார் சிலர், 17 என்பார் சிலர். ஆட உட்காருவதற்கு முன்பே கூட்டாளியுடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் கேட்ட கூட்டாளி பாஸ் (ஏலம் கேட்காமல் விடுவது) சொல்லக்கூடாது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

முதல் மட்டத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 1 கிளாவர், 1 ஹார்ட், 1 ஸ்பேட்: ஸ்பேட் உயர்ந்த ரகம்தான், ஆனாலும் கூட்டாளி 2 கிளாவரில் திரும்பலாம். கூடுதல் பலம் தேவையில்லை.

ஐந்து கிளாவர், நான்கு டைமண்ட், 13 புள்ளி என்ற கை ஒரு தலைவலி. 1 கிளாவரில் தொடங்கி, கூட்டாளி 1 ஸ்பேட் என்றால், 2 டைமண்ட் ரிவர்ஸ் ஆகிவிடும். அதனால் சிலர் 1 டைமண்டில் தொடங்கி அடுத்து 2 கிளாவர் சொல்வார்கள். டைமண்ட்தான் நீளம் என்று கூட்டாளி நம்பிவிடுவாரே என்பதால் எனக்கு இந்த வழியில் அவ்வளவு விருப்பமில்லை. கிளாவர் ஐந்தும் கனமான சீட்டுகளாக இருந்தால் 1 கிளாவர் தொடங்கி 2 கிளாவர் சொல்வேன். எந்த வழியானாலும், வாய் திறப்பதற்கு முன்பே இரண்டாவது ஏலத்தையும் யோசித்திருக்கவேண்டும்.

செம்பனை ஆலையில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே நான்கு பேர் ஒன்றாகச் சேர்வது கடினம். இரண்டு பேர் போதும். ஆளுக்கு 13 சீட்டு எடுத்துக்கொண்டு, எதிரணி பாஸ் சொல்வதாக வைத்து ஏலத்தை மட்டும் பேசிப் பாருங்கள். முடிந்ததும் இரு கைகளையும் விரித்து, எந்த மட்டத்தில் நின்றிருக்கலாம் என்று ஒரு தே தாரிக்கோடு வாதாடலாம்.