அரண்மனை நகை என்று வரும் சீன ஜேடைட்: வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

ஜேட் என்ற பெயரில் விற்கும் இரண்டு கற்களில் ஒன்று ஜேடைட். பழைய சீன ஜேடைட் நகையின் விலையில் ஒரு பங்கு கல்லுக்கு, இன்னொரு பங்கு அது யாரிடம் இருந்தது என்ற கதைக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். கல் அழகாக இருந்தால் கதையையும் நம்பிவிடுகிறார்கள். கதை நன்றாக இருந்தால் கல்லைச் சோதிக்கத் தோன்றுவதில்லை.

முதலில் காலத்தைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய டாங் வம்ச இளவரசி அணிந்த ஜேடைட் வளையல் என்று யாராவது காட்டினால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சீனர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கி வந்தது நெஃப்ரைட் என்ற இன்னொரு ஜேட் கல். ஜேடைட் பர்மாவின் கச்சின் மலைப் பகுதியிலிருந்து யுன்னான் வழியாகப் பெருமளவில் வரத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில், சிங் வம்ச ஆட்சியில்தான். அந்தக் காலத்து அறிஞரும் அரசு அதிகாரியுமான ஜி யுன் (1724–1805) இதை எழுதியே வைத்திருக்கிறார்: தன் சிறுவயதில் யுன்னான் பச்சைக்கல்லை, அதாவது ஜேடைட்டை, யாரும் ஜேடாக மதிக்கவில்லை, இப்போதோ அதன் விலை உண்மையான ஜேடைத் தாண்டிவிட்டது என்று. இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சி டமோர் நிறுவியது 1863இல். கையில் எடுத்தாலே ஜேடைட் சற்றுக் கனக்கும். அதன் அடர்த்தி நீரைப் போல் சுமார் 3.3 மடங்கு, நெஃப்ரைட்டுக்கு சுமார் 2.95 மடங்கு. தங்கத்தில் பதித்த கல்லை இப்படி எடை போட முடியாது, கருவி வேண்டும்.

அடுத்தது, 'இம்பீரியல் ஜேட்' என்ற பெயர். வியாபாரத்தில் இது குரோமியத்தால் வரும் அடர்ந்த, ஒளி ஊடுருவும் பச்சையைக் குறிக்கிறது. போன வருஷம் பட்டை தீட்டிய கல்லுக்கும் இதே பெயர் உண்டு. அரண்மனைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

அரசவை மணிமாலைகளில்தான் குழப்பம் அதிகம். 108 மணிகள், இடையிடையே நான்கு பெரிய மணிகள், பக்கவாட்டில் பத்துப் பத்து மணிகளாக மூன்று சிறு சரங்கள், முதுகுப் பக்கம் ஒரு தொங்கல். இப்படி ஒரு மாலையைப் பார்த்ததும் சக்கரவர்த்தியுடையது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஐந்தாம் நிலையிலும் அதற்கு மேலும் இருந்த குடிமை அதிகாரிகளும் இதை அணிந்தார்கள். அரச குடும்பத்தின் உச்சியில் இருந்தவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது மஞ்சூரியாவின் நன்னீர் முத்து மாலை. ஜேடைட் அப்படி அல்ல. தொப்பியில் மயிலிறகு செருகும் ஜேடைட் குழலும் அதிகாரிகளின் பொருள்தான், கட்டைவிரல் மோதிரமும் அரச குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல. 'சிங் அரசவைப் பாணி' என்று விற்பனைச் சீட்டில் இருந்தால் அது பாணியைச் சொல்கிறது, சொந்தக்காரரைச் சொல்லவில்லை.

சிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த பேரரசித் தாய் சிஷியின் (1835–1908) பெயர் வந்தால் இன்னும் நிதானம் தேவை. ஜேடைட் மீது அவருக்கு இருந்த பிரியம் ஊரறிந்தது, அதனாலேயே கண்ட கல்லெல்லாம் அவருடையதாகிவிடுகிறது. 1928இல் தளபதி சுன் தியன்யிங்கின் படை அவருடைய கல்லறையை உடைத்துக் கொள்ளையடித்தது உண்மை. அந்தப் பொருள்கள் எங்கெங்கோ சிதறின. அதனால் "கல்லறையிலிருந்து வந்தது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், மறுக்கவும் வழியில்லை. அப்படியே உண்மை என்றாலும் அது திருட்டுப் பொருள். வாங்குபவருக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் அல்ல. தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற ஜேடைட் முட்டைக்கோஸையும் பலர் சிஷியோடு சேர்த்துவிடுகிறார்கள். அது இருந்தது யோங்ஹே அரண்மனையில், குவாங்சு சக்கரவர்த்தியின் துணைவி ஜின் வாழ்ந்த இடத்தில்.

சரி, நம்பத்தக்க வரலாறு எப்படி இருக்கும்? அமெரிக்கக் கோடீஸ்வரி பார்பரா ஹட்டனின் மாலையைப் பாருங்கள். 15.4 முதல் 19.2 மில்லிமீட்டர் வரை அளவுள்ள 27 ஜேடைட் மணிகள். 1933இல் அவருடைய திருமணத்துக்குத் தந்தை கொடுத்த பரிசு. கொக்கி பிரெஞ்சு நகை நிறுவனமான கார்ட்டியே செய்தது. 1988, 1994 ஏலங்களுக்குப் பிறகு 2014இல் ஹாங்காங் சதபிஸ் ஏலத்தில் சுமார் 2.74 கோடி அமெரிக்க டாலருக்கு கார்ட்டியே நிறுவனமே அதைத் திரும்ப வாங்கியது. இந்தத் தடத்துக்குப் பெயர், தேதி, விலை எல்லாம் இருக்கின்றன. மணிகள் சிங் அரண்மனையிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவற்றின் தரத்தையும் அளவையும் வைத்துச் செய்யும் ஊகம். உலகின் மிக உயர்ந்த விலை போன ஜேடைட் நகைகளில் ஒன்றுக்கே நிலைமை இதுதான் என்றால், பழைய பட்டுப் பெட்டியையும் பெயர் மங்கிய கடிதத்தையும் ஆதாரமாக நான் ஏற்கமாட்டேன். 1924இல் கடைசிச் சக்கரவர்த்தி புயி அரண்மனையை விட்டு வெளியேற்றப்படுவதற்கு முன்பே பொருள்கள் அடகுக்கும் பெய்ஜிங் கடைகளுக்கும் போயின. ஆகவே அரண்மனைச் சரக்கு வெளியே இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. உங்கள் கையில் இருப்பது அதுதானா என்பதே கேள்வி.

ஆய்வகச் சான்றிதழை வயதுச் சான்றாக எடுத்துக்கொள்வது இன்னொரு பெரிய தவறு. ஏ வகை என்றால் நிறம் இயற்கையானது, பிசின் ஏற்றவில்லை என்று பொருள். பி வகை என்றால் அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றியது; இந்த முறை சந்தையில் பரவியது 1980களில். சி வகை சாயம் போட்டது. பிசினை அகச்சிவப்புச் சோதனை காட்டிக்கொடுக்கும், அதைச் செய்யாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள். ஆனால் கல்லை எப்போது செதுக்கினார்கள், யார் அணிந்தார்கள் என்பதை எந்த ஆய்வகமும் அளந்து சொல்லாது. வயதை வடிவம், துளையிட்ட விதம், உலோக வேலை, நூல் ஆகியவற்றிலிருந்து ஊகிக்க வேண்டும், அதற்கு அந்தக் காலத்து நகைகளை நிறையப் பார்த்த கண் வேண்டும்.

வாங்கிய பிறகும் கெடுப்பவர்கள் உண்டு. பளபளப்பு போதவில்லை என்று மறுபடி மெருகேற்றினால் பழைய கருவித் தடங்கள் அழிந்துவிடும். இற்றுப்போன பட்டு நூலை மாற்றத்தான் வேண்டும், ஆனால் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். பிரிப்பதற்கு முன் மணிகளின் வரிசையைப் படம் எடுத்து, நூல், முடிச்சு, குஞ்சம் எல்லாவற்றையும் உறையிலிட்டு நகையோடு வையுங்கள். கல் பதித்த துண்டில் சூடு வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள், கல்லைக் கழற்றிவிட்டுத்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியும் போதும்.