சக்கர வாக்கர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஆளையும் வீட்டையும் அளந்துகொள்ளுங்கள்

அப்பாவுக்கோ ஆயாவுக்கோ நடை தளர்ந்துவிட்டது, வாக்கர் வாங்கலாம் என்று வீட்டில் முடிவாகிறது. வேலை முடிந்து வரும் வழியில் கோரிமேட்டிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ஒரு சர்ஜிக்கல் கடை முன்பு மகன் வண்டியை நிறுத்துகிறார். "நல்லதா ஒண்ணு குடுங்க" என்கிறார். நான்கு சக்கரம், சீட், பிரேக், கூடை எல்லாம் உள்ளதைக் கடைக்காரர் எடுத்து வைக்கிறார். விலையும் அதற்குத்தான் அதிகம். ஆனால் அது யாருக்குத் துணையாக இருக்கும், யாரைக் கீழே தள்ளிவிடும் என்பது விலையைப் பார்த்தால் தெரியாது.

இது புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் முதன்முறையாக வாங்குபவர்களுக்கான பதிவு. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்: சக்கரம் கூடக் கூட நடப்பது லேசாகும், ஆனால் சாய்ந்துகொள்ளக் கிடைக்கும் பிடிமானம் குறையும். கீழே சொல்லப்போவதெல்லாம் இதையொட்டித்தான்.

படி 1: அவர் நடப்பதைக் கவனியுங்கள்

கடைக்குப் போகுமுன் ஓரிரு நாள் அவர் வீட்டுக்குள் நடப்பதைப் பாருங்கள். சுவர், மேசை, கட்டில் விளிம்பு என்று எதைப் பிடித்தாலும் லேசாகத் தொட்டுக்கொண்டு போகிறாரா? அல்லது உடம்பின் பாரத்தையே கையில் இறக்குகிறாரா? சிறிது தூரம் போனதும் மூச்சு வாங்குகிறதா, முழங்கால் வலிக்கிறதா, திரும்பும்போது தள்ளாடுகிறாரா? இதைக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாரத்தைக் கையில் இறக்குபவருக்கு நான்கு சக்கர வாக்கர் வேண்டாம். அவர் சாயச் சாய அது முன்னால் ஓடும். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்கள், "இந்தக் காலில் முழுப் பாரம் போடக் கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்கள் எல்லாம் இந்த வகைதான். அவர்களுக்குச் சக்கரமே இல்லாத, நான்கு காலிலும் ரப்பர் புஷ் போட்ட சாதாரண வாக்கர் சரி. ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வைக்கக் கையில் வலு இல்லையென்றால், முன்னால் மட்டும் இரண்டு சக்கரம் உள்ளதைப் பார்க்கலாம். பின்கால்கள் இரண்டும் ரப்பரோடு தரையைப் பிடித்திருப்பதால் அது தானாக ஓடாது. வீட்டுக்குள் மட்டும் நடமாடும் பெரும்பாலான முதியவர்களுக்கு என்னுடைய முதல் பரிந்துரை இந்த முன்சக்கர வாக்கர்தான்.

நான்கு சக்கரமும் சீட்டும் உள்ள வாக்கர், அதாவது ரோலேட்டர், வேறு ஆளுக்கானது. நிற்க முடிகிறது, நடக்க முடிகிறது, கொஞ்ச தூரத்திலேயே களைத்துவிடுகிறது, வழியில் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பவருக்கு அது பெரிய வரம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், நடந்தால் மூச்சு வாங்குபவர்கள் இதை வைத்துக்கொண்டு மறுபடி தெருவுக்கு இறங்கியிருக்கிறார்கள். மூன்று சக்கரத்திலும் ஒன்று வருகிறது. குறுகலான இடத்தில் வளைக்கச் சுலபம், ஆனால் பக்கவாட்டில் சாயும் ஆபத்து உண்டு. சாதாரணமாக அதில் சீட்டும் இருக்காது.

சிலருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்குச் சிலநேரம் நடக்க நடக்க அடி குறுகி, வேகம் கூடி, உடம்பு முன்னால் விழும். சாதாரண ரோலேட்டர் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும். பிடியை அழுத்தினால் மட்டுமே சக்கரம் நகரும், விட்டால் நின்றுவிடும் என்ற எதிர்மாதிரி பிரேக் வைத்த வண்டிகள் உண்டு. அவர்களுக்கு அதைத்தான் கேட்க வேண்டும். பக்கவாதம் வந்து ஒரு கை பிடிக்காதவருக்கு இரண்டு கையால் தள்ளும் வாக்கர் கோணலாகத்தான் போகும். நாலு கால் கைத்தடி பொருந்துமா என்று விசாரியுங்கள். ஞாபக மறதி அதிகமாக இருந்தால், பிரேக் போட வேண்டும் என்பதே நினைவில் நிற்காது. அவருக்கு நான்கு சக்கரம் வாங்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. புதுச்சேரியில் ஜிப்மரில் இதற்கென்றே மறுவாழ்வு மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே எலும்பு டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தால், "எந்த வாக்கர், எவ்வளவு பாரம் போடலாம்" என்று மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

படி 2: மணிக்கட்டு உயரத்தை அளவெடுங்கள்

வாங்கியபின் அதிகமாகத் தொல்லை கொடுப்பது உயரம்தான். அதனால் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

வீட்டில் போடும் செருப்பைப் போடச் சொல்லுங்கள். சுவரோரமாக, முடிந்த அளவு நிமிர்ந்து நிற்கட்டும். தேவைப்பட்டால் ஒருவர் பின்னால் தாங்கிக்கொள்ளலாம். கைகளைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். உள்ளங்கை முடிந்து கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டின் உட்புறம் ஒரு ரேகை மடிப்பு தெரியும். அந்த மடிப்புக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அவரை உட்கார வைத்துவிட்டு, தரையிலிருந்து கோடு வரை இன்ச் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாக்கரின் கைப்பிடி இருக்க வேண்டிய உயரம் இதுதான். இந்த உயரத்தில் பிடித்தால் முழங்கை லேசாக, 15 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்கும். கைப்பிடி அதைவிட உயரமானால் தோள் காதுவரை தூக்கிக்கொள்ளும், தாழ்ந்தால் முதுகு கூனும்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள அம்மாக்களுக்கு, ஆயாக்களுக்கு இந்தக் கோடு 28, 29 இன்ச் பக்கத்தில் வரும். கடையில் உள்ள வாக்கர்களில் பல 31, 32 இன்ச்சுக்குக் கீழே இறங்காது. "அட்ஜஸ்ட் ஆகும்" என்று சொல்வார்கள்; மேலே ஏறுமா, கீழே இறங்குமா என்று கேளுங்கள். மிகக் குறைந்த உயரம் எத்தனை இன்ச் என்று டேப் வைத்து அளந்து பார்த்தபிறகே பணம் கொடுங்கள். கூடவே அவருடைய எடையையும் சொல்லுங்கள். பெரும்பாலானவை 100 கிலோ வரை தாங்கும், ஆனால் எல்லாமே அப்படியில்லை. எவ்வளவு தாங்கும் என்று வாக்கரின் ஸ்டிக்கரிலோ அட்டைப்பெட்டியிலோ போட்டிருக்கும்.

படி 3: வீட்டை அளவெடுங்கள்

வாசலிலிருந்து கட்டில், கட்டிலிலிருந்து பாத்ரூம் என்று அவர் தினமும் போகும் பாதையில் டேப்போடு நடந்து பாருங்கள். பாத்ரூம் கதவுதான் இடிக்கும். இரண்டரை அடிக் கதவு என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் நிலையின் அகலம் வேறு, உள்ளே போகக் கிடைக்கும் வழி வேறு. கதவைத் திறந்து வைத்து, கதவுப் பலகையின் விளிம்பிலிருந்து எதிர்நிலை வரை அளந்தால் 26, 27 இன்ச்தான் தேறும். நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்ப்பாளும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். பல வாக்கர்களின் அடிப்பக்க அகலமே 24 முதல் 26 இன்ச் வரும். பக்கத்துக்கு ஓர் இன்ச்சாவது இடைவெளி இல்லாவிட்டால் வாக்கரைக் கோணலாகத் திருப்பி உள்ளே நுழையப் பார்ப்பார், விழுவதும் அப்படித்தான்.

எந்த வாக்கரானாலும் ஈரத் தரையில் நம்பக் கூடாது. பாத்ரூமுக்குள் சுவரில் உறுதியான ஸ்டீல் கைப்பிடி பொருத்திவிடுங்கள். துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

அடுத்தது நிலைப்படி. புதுச்சேரியின் பழைய திண்ணை வீடுகளிலும் கடலூர் முதுநகர்ப் பக்கத்து வீடுகளிலும் அறைக்கு அறை இரண்டு மூன்று இன்ச் உயரத்தில் ஒன்று இருக்கும். முன்சக்கர வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துத் தாண்டலாம். ஏழெட்டு கிலோ ரோலேட்டரை நாளைக்குப் பத்துத் தடவை தூக்க முடியாது. தச்சரிடம் சொல்லி இருபக்கமும் சரிவாக மரக்கட்டை போட்டுவிட்டால் தீர்ந்தது. வாசலுக்குச் சரிவு கட்டுவதானால் ஓர் இன்ச் உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்று கணக்கு. ஆறு இன்ச் படிக்கு ஆறடிச் சரிவு வேண்டும். இடம் இல்லையென்று செங்குத்தாகக் கட்டினால் இறங்கும்போது வாக்கர் பிடுங்கிக்கொண்டு ஓடும். வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு அந்த வழியாக யாரையும் நடக்க விடாதீர்கள். தரை காயட்டும்.

படி 4: எங்கே நடக்கப் போகிறார்?

வீட்டுக்குள் மட்டும் என்றால் ஐந்து இன்ச் சக்கரம் போதும். தெருவுக்கு என்றால் எட்டு இன்ச் வேண்டும். சிறு சக்கரம் சாக்கடை மூடியின் சந்திலும் பெயர்ந்த சிமென்ட் கல்லிலும் மாட்டி நிற்கும். வாக்கர் நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: மாலையில் வண்டிகளை விடாத கடற்கரைச் சாலை. ரோலேட்டரில் நடந்து பழக அதைப்போல் இன்னோர் இடம் இந்தப் பக்கத்தில் இல்லை என்பேன். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் மட்டும் இறக்காதீர்கள், எந்தச் சக்கரமும் அங்கே உருளாது.

ஆட்டோவில் ஏற்ற வேண்டியிருந்தால் மடக்கிப் பாருங்கள். தூக்கப் போவது யார் என்றும் யோசியுங்கள். தாத்தாவின் வண்டியைத் தூக்க வேண்டியவர் எழுபது வயது ஆயாவாக இருந்தால், எடை குறைந்த அலுமினிய வாக்கரே சரி.

படி 5: கடையில் சோதித்துப் பாருங்கள்

முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். முடியாவிட்டால், மாற்றித் தருவார்களா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினாலும் திருப்பி அனுப்பும் விதியை முதலில் படித்துவிடுங்கள்.

ரோலேட்டர் என்றால் முதலில் பிரேக்கைப் பார்க்க வேண்டும். அவரே பிடித்துப் பார்க்கட்டும், நீங்கள் அழுத்திப் பார்ப்பதில் பயன் இல்லை. பிடியை மேலே இழுத்தால் வேகம் குறைய வேண்டும். கீழே அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டியபின் தள்ளிப் பாருங்கள், பின்சக்கரம் இரண்டும் துளிகூட உருளக் கூடாது. விரல் மூட்டு வீங்கியவர்களுக்கு இந்தப் பிடியை இழுக்க வராது. அப்படியானால் மேலிருந்து பாரம் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும் வகை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் பத்தடி நடந்து, திரும்பி வரச் சொல்லுங்கள். திரும்பும்போதுதான் குறை தெரியும். கால்கள் வாக்கரின் சட்டத்துக்குள் இருக்கின்றனவா, அல்லது அது முன்னால் போய் இவர் கையை நீட்டிக்கொண்டு பின்னால் போகிறாரா என்று பாருங்கள். நீட்டிக்கொண்டு போனால் அந்த வாக்கர் அவருக்கு அதிக வேகம். புடவையோ நைட்டியோ உடுத்துபவர் என்றால் கரை சக்கரத்தில் சிக்குகிறதா என்றும் பாருங்கள், வேட்டிக்கும் இதேதான்.

சாதாரண வாக்கர் பெரும்பாலும் 1,000, 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சீட் வைத்த ரோலேட்டர் அதைப்போல் சில மடங்கு ஆகும். வருமானம் குறைந்த வீடுகளில் 60 வயது நிறைந்தவர்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் வாக்கர், கைத்தடி போன்றவை இலவசமாகக் கிடைக்கும். 2017இல் தொடங்கிய திட்டம் இது. பெரும்பாலும் முகாம் நடத்திக் கொடுப்பார்கள். அடுத்த முகாம் பற்றிக் கலெக்டர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண்ணிலும் கேட்டுப் பார்க்கலாம்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

சாதாரண வாக்கரிலும் முன்சக்கர வாக்கரிலும் உயரத்தைச் சரிசெய்ய ஒவ்வொரு காலிலும் ஒரு ஸ்பிரிங் பட்டன் இருக்கும். நான்கு காலும் ஒரே ஓட்டையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பட்டன் முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும்.

பழக்கும்போது முதலில் எழுவதைச் சொல்லிக்கொடுங்கள். வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, அது தலைகுப்புற வரும். நாற்காலியின் கையை அழுத்தி எழுந்து, நின்றபிறகே வாக்கரைப் பிடிக்க வேண்டும். முன்சக்கர வாக்கரில் நடை இப்படி: முதலில் வாக்கர், அப்புறம் பலவீனமான கால், அப்புறம் நல்ல கால். ரோலேட்டரில் உட்காரும்போது பிரேக்கைப் பூட்டி, திரும்பி நின்று, சீட் காலின் பின்பக்கத்தில் படுவதை உணர்ந்தபிறகு உட்கார வேண்டும். தயவுசெய்து அவரை அதில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. ரோலேட்டர் சீட் இளைப்பாற மட்டும்தான். அது சக்கர நாற்காலி அல்ல, ஒரு சிறு கல் தட்டினாலே பின்னால் கவிழும்.

கைப்பிடியில் பை மாட்டுவதையும் விட்டுவிடுங்கள். தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பாவுக்குக் கூடை போதும்.

கடலோரத்தில் இருப்பதால் பராமரிப்பைத் தள்ளிப்போட முடியாது. குழாய் அலுமினியமாக இருந்தாலும் திருகுகள் இரும்புதான். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மடக்கும் மூட்டுகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். பிரேக் பக்கமும் சக்கரத்தின் ரப்பரிலும் எண்ணெய் படவே கூடாது. அச்சில் முடியும் நூலும் சுற்றியிருந்தால் கத்தரித்து எடுங்கள். ரப்பர் புஷ்ஷின் அடியில் உள்ள வளையக் கோடுகள் தேய்ந்து வழுவழுப்பானால் உடனே மாற்ற வேண்டும், உள்ளே இருக்கும் குழாய் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். குழாயின் தடிமன் வாக்கருக்கு வாக்கர் மாறும், அதனால் கடைக்குப் போகும்போது பழைய புஷ் ஒன்றைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போய், நான்குக்கும் சேர்த்தே புதிது வாங்கிவிடுங்கள்.