கைக்கு அளவெடுத்து ஒரு மம்பட்டிக் கணை

போன ஐப்பசியில், மழை இறங்கும் முன் வரப்பு போட்டுவிடலாம் என்று கடையில் ஒரு மம்பட்டிக் கணை வாங்கினேன். வார்னிஷ் பூசி வழவழவென்று இருந்தது. மூன்றாம் நாள், காதுக்கு நாலு விரல்கடை கீழே முறிந்துவிட்டது. முறிந்த வாய் பேனாவைச் சீவியதுபோல நீளச் சாய்வாக இருந்தது. மரத்தின் ரேகை கணையின் நீளத்தோடு ஓடாமல், பக்கவாட்டில் ஏறி வெளியே போயிருந்தது. அந்த மூன்று நாளும் அதைப் பிடித்துக் களை வெட்டிய அம்மாவின் வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி கணையை நாமே போடுவது என்று.

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் மம்பட்டி என்போம். மண்வெட்டி, மம்முட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மரப் பிடிதான் கணை. காம்பு என்றாலும் சரி. கணை நுழைகிற இரும்புத் துளையை இங்கே காது என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ஆசாரி வேலை தெரிந்திருக்க வேண்டாம். அரிவாள், ரம்பம், மரத்துக்கான அரம், உப்புத்தாள், ஒரு உடைந்த கண்ணாடித் துண்டு இருந்தால் போதும். கோடாலி, களைக்கொத்து எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

முதலில் கை, அப்புறம்தான் மரம்

இரும்பு வீட்டுக்கே பொதுவாக இருக்கலாம். கணை ஒரு ஆளுக்கு உரியது. அதனால் யார் பிடிக்கப் போகிறார்களோ அவர் கையிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டில் இருக்கிற உருண்டைப் பிடிகளை, விளக்குமாற்றுக் கம்பிலிருந்து கடப்பாரை வரை, ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நுனி நடுவிரல் நுனியின் மேல் லேசாக ஏறி உட்கார்ந்தால் அது சரியான பருமன். அந்தப் பிடியைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, நூலின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 10 செ.மீ. வந்தால் குறுக்களவு சுமார் 32 மி.மீ.; 11 வந்தால் 35; 12 வந்தால் 38. பெரும்பாலான கைகள் இதற்குள் அடங்கிவிடும். அம்மாவுக்கு 10-தான் வந்தது. முறிந்துபோன கணையைச் சுற்றிப் பார்த்தால் 13.

பருமன் கூடினால் விரல்கள் மூடாது. பிடி நழுவாமல் இருக்க முன்கை முழுவதும் இறுகியே இருக்கும், சாயங்காலம் முழங்கையில் வலி எடுக்கும். பருமன் குறைந்தாலும் நல்லதில்லை, கைக்குள் உருளும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களில் பலர் வீட்டு ஆண்களுக்காகப் போட்ட கணையைத்தான் எடுத்துப் போகிறார்கள். அவர்கள் கைவலி வேலையால் மட்டும் வருவதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மம்பட்டிக் கணை வழக்கமாக இரண்டரை அடியிலிருந்து மூன்று அடி இருக்கும். முதலில் மூன்றே கால் அடியாக வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை செய்து பார்த்துவிட்டு, பின்னால் பிடிக்கும் கை எங்கே போய் நிற்கிறதோ அதற்கு அப்பால் ஒரு சாண் விட்டு அறுத்துக்கொள்ளலாம்.

மரமும் ரேகையும்

அமெரிக்காவில் ஹிக்கரி, இங்கிலாந்தில் ஆஷ். நம் பக்கம் நாட்டுக் கருவேலம். இவற்றை ஏன் தேடிப் பிடித்தார்கள் என்றால், மூன்றுமே அடியின் அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு நெளியும், சட்டென்று ஒடியாது. மலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு வெக்காலி கிடைத்தால் விடாதீர்கள். சீமைக் கருவேலம் சும்மாவே கிடைக்கிறது, கனமும் வலுவும் உண்டு. நேரான துண்டு கிடைப்பதுதான் பாடு. எதுவானாலும் வைரம் பாய்ந்த பகுதியாகப் பாருங்கள். வெளிப்பக்கத்து வெளுத்த மரத்தில் வண்டு விழுந்து உளுத்துப் போகும். முருங்கை, இலவம் பக்கம் போகவே வேண்டாம்.

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால், ரேகையை வைத்துக்கொள்ளுங்கள். மரம் என்பது நீளவாக்கில் கட்டிய நார்க்கட்டு. நார் கணையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாமல் ஓடினால் எந்த அடியையும் தாங்கும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால், அந்த இடத்தில் நாருக்கும் நாருக்கும் இடையில் இருக்கிற ஒட்டுதான் தாங்க வேண்டும். கடைக்கணை போனது அப்படித்தான்.

ரேகை நேராக வர எளிய வழி, அறுக்காமல் பிளப்பது. தொடை அளவு தடித்த ஒரு கட்டையை நிறுத்தி வைத்து, அரிவாளை மேல்முனையில் வைத்துக் கட்டையால் தட்டுங்கள். பிளவு தன் போக்கில் நாரைப் பிடித்துக்கொண்டே இறங்கும். ரம்பத்துக்கு நார் தெரியாது, நீங்கள் போட்ட கோட்டில் போகும். நாலாகப் பிளந்து, நடுவில் இருக்கும் பித்துப் பகுதியை, அதாவது மென்மையான நெட்டியை, செதுக்கி எறிந்துவிடுங்கள். முழுக் கிளையையே கணையாக்கினால் அந்தப் பித்து உள்ளேயே இருந்து, காயும்போது வெடிப்பு விட வாய்ப்பு அதிகம்.

கடையில் வாங்குவதாக இருந்தாலும் ஒரு சோதனை உண்டு. வார்னிஷ் இல்லாத இடமாகப் பார்த்து, ஊற்றுப் பேனா மையை ஒரு சொட்டு விடுங்கள். மை நார் ஓடுகிற திசையில் மெல்லிய முடிகளாக நீளும். அந்த முடிகள் ஒரு அடி நீளத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் விலகினால் அந்தக் கணை வேண்டாம். கணுவும் அப்படித்தான், குறிப்பாகக் காதுக்கு அருகே ஒரு ஒண்ணேகால் அடிக்குள் கணு இருக்கவே கூடாது.

காய விடுதல்

பச்சை மரத்தில் கணை போட்டால் ஒரு மாதத்தில் அது சுருங்கி இரும்பு ஆடும். இரண்டு முனைகளிலும் சாணியையோ மிச்சமிருக்கும் பெயின்ட்டையோ கெட்டியாகப் பூசுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அங்கேதான் வெடிக்கும். நிழலில், தரையில் படாமல், காற்று ஓடுகிற இடத்தில் ஆறு மாதமாவது கிடக்கட்டும். காய்ந்துவிட்டதா என்று தெரிய, பத்து நாளைக்கு ஒருமுறை தராசில் போட்டு எடையைச் சுவரில் எழுதி வாருங்கள். மூன்று முறை தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் காய்ந்தது. நான் மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டு வைத்தேன்.

செதுக்குதல்

கணை முழுவதையும் ஒரே பருமனில் உருட்டிவிட வேண்டாம். அம்மாவுக்கு 32 மி.மீ. வேண்டும் என்பதற்காகக் காதுப் பக்கமும் 32 ஆக்கினால் கணை தாங்காது. உருண்டைக் கட்டையின் வலு பருமனின் மும்மடிக் (பருமன் × பருமன் × பருமன்) கணக்கில் மாறும். 38-ஐ 32 ஆக்கினாலே வலுவில் சுமார் 40 சதவீதம் போய்விடுகிறது. அதனால் காதை ஒட்டி 38-க்குக் குறையாமல் விட்டு, கை பிடிக்கும் இடத்தை நோக்கி மெல்ல மெலிந்துகொண்டே வர வேண்டும். அப்புறம் கடைசி முனையில் ஒரு சின்னப் புடைப்பு. கை வியர்த்திருந்தாலும் நழுவாது.

கை பிடிக்கும் இடம் முழு வட்டமாக இல்லாமல் லேசான முட்டை வடிவில் இருக்கட்டும். நீள அச்சு, மம்பட்டியை ஓங்கி இறக்குகிற திசையில் இருக்க வேண்டும். வலு தேவைப்படும் திசையில் மரம் கூடுதலாகக் கிடைக்கும். இன்னொன்று, கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் தகடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியும், திருகிக்கொள்ளாது.

அரிவாளால் சதுரம், சதுரத்தின் மூலைகளைத் தட்டி எட்டுப் பட்டை, எட்டைப் பதினாறு என்று போனால் உருண்டை தானாக வரும். அதன்பின் அரம். கடைசியாகக் கண்ணாடித் துண்டின் விளிம்பை மரத்துக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்து இழுங்கள், கையில் தடிமனான துணியைச் சுற்றிக்கொண்டு. வெங்காயத் தோல் மாதிரிச் சுருள் சுருளாக வரும். உப்புத்தாளில் 80-ஆம் நம்பர், அப்புறம் 120. அத்தோடு நிறுத்துங்கள். கண்ணாடிபோல மழுங்கடித்தால் கை வழுக்கும், வழுக்குவதால் இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள், அந்த உரசலில்தான் கொப்புளம் வருகிறது.

காதில் ஏற்றுதல்

காதின் உட்புறத்தில் விளக்குக் கரியைத் தடவுங்கள். கணையை உள்ளே தள்ளி, திருப்பி உருவிப் பாருங்கள். கரி ஒட்டிய இடங்கள்தான் இடிக்கிற மேடுகள். அவற்றை மட்டும் அரத்தால் ராவிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். ஏழெட்டு முறை செய்ய வேண்டியிருக்கும். பொறுமை இங்கேதான் வேண்டும். காதின் சுவர் முழுவதும் மரத்தைத் தொட்டால் அடி பரவிப் போகும். இரண்டு புள்ளியில் மட்டும் தொட்டால் அந்த இரண்டு புள்ளியும் நசுங்கி நாலு நாளில் ஆட்டம் காணும்.

ஆப்பு வைப்பதற்காக, கணையின் மேல்முனையில் காதின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ரம்பத்தால் ஒரு வாய் அறுத்துக்கொள்ளுங்கள். இப்போது கணையைத் தலைகீழாக அல்ல, இரும்பு கீழே தொங்கும்படி அந்தரத்தில் பிடித்து, கணையின் பின்முனையில் மரச்சுத்தியலால் தட்டுங்கள். இரும்பு கனமானது, இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கணை அதற்குள் இறங்கும். முதலில் 'டொக் டொக்' என்று கேட்கும் சத்தம், முழுதாக இறுகியதும் கெட்டிப்பட்ட 'டங்' ஆகும். அப்போது நன்றாகக் காய்ந்த மர ஆப்பை வாயில் வைத்து அடியுங்கள். சில மம்பட்டிகளில் காது ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல் என்று இருக்கும். அவற்றுக்குக் கணையின் ஒரு முனையைத் தடிப்பாக விட்டு, மெலிந்த முனையை அகலப் பக்கத்தில் நுழைத்து உருவினால் ஓங்க ஓங்கத் தானாக இறுகும்.

ஆப்பை முழுதாக இறக்கும் முன் மம்பட்டியைச் சமதரையில் வையுங்கள். தகட்டின் இரு மூலைகளும் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் மணிக்கட்டு திருகும்.

இந்த வேலையைக் கோடையில் செய்யுங்கள். வறண்ட நாளில் இறுக்கியது மழைக்காலத்தில் உப்பி இன்னும் இறுகும். மழைக்காலத்தில் உப்பியிருக்கும்போது மாட்டியது சித்திரையில் கழன்று கையோடு வரும்.

ஆடுகிற மம்பட்டியை வாய்க்காலில் ஊற வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஊறும்போது மரம் உப்பப் பார்க்கும், இரும்பு விடாது. உள்ளே நார் நசுங்கிவிடும். காய்ந்ததும் முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிடும். அதனால்தான் அடுத்த நாளும் ஊற வைக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் பழைய ஆப்பை எடுத்துவிட்டு, சற்றுத் தடித்த ஆப்பாகப் போடுங்கள், இரண்டு நிமிட வேலை.

எண்ணெய்

வார்னிஷ் வேண்டாம். அது மரத்தின் மேல் ஒரு தோலாக நிற்கும், வியர்வையில் உரியும், உரிந்த விளிம்பு கையை அறுக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலை, அதாவது ஆளி விதை எண்ணெயை, துணியில் தொட்டு மெல்லத் தேயுங்கள்; அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மூன்று நாள் இடைவெளியில் மூன்று தடவை. தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் காய்ந்து இறுகாது, பிசுக்கு நிற்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கலாம். கொடியில் விரித்துக் காயப் போட்டு, அப்புறம் எறியுங்கள். சைக்கிள் டியூப் சுற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை, ஈரம் உள்ளே தங்கும், வெடிப்பு விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

நின்றபடி மணல் அள்ளுகிற நீளக்காம்புக் கருவிக்கு இரண்டு மாற்றம்தான். நிறுத்தி வைத்தால் காம்பு நெஞ்சுக்கும் தோளுக்கும் இடையில் வர வேண்டும், முதுகு வளையாது. முன்னால் பிடிக்கும் கை காம்பில் வழுக்கி நகர வேண்டியிருப்பதால், அது நகரும் பகுதி முழுக்க ஒரே பருமனாக, உருண்டையாக இருக்கட்டும்.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது கொஞ்சம் கரித்தூளையும் கொண்டுபோங்கள். கை பிடிக்கும் இடத்தில் லேசாகத் தடவிவிட்டு, பத்து வெட்டு வெட்டி, உள்ளங்கையைத் திறந்து பாருங்கள். கை முழுக்க மங்கலாகக் கரி பரவியிருந்தால் கணை பொருந்திவிட்டது. ஒரே இடத்தில் அழுத்தமாக அப்பியிருந்தால் கணையில் அதற்கு நேரே ஒரு மேடு இருக்கிறது. அம்மாவின் கணையில் சுண்டுவிரலுக்கு நேராக அப்படி ஒன்று இருந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து கண்ணாடித் துண்டால் நாலு இழுப்பு இழுத்தேன். அம்மா வாங்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.