அடுக்குமாடிக்காரருக்கும் ஒரு வானிலை நிலையம்: சிங்கப்பூரில் தொடங்குவது எப்படி

"இங்க கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, துணியை எடுத்துட்டீங்களா?" தேக்காவிலிருந்து மனைவி போனில் கேட்கிறார். ஈசூனில் எங்கள் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணிகள் மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருக்கின்றன. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

சிங்கப்பூர் மழை அப்படித்தான். ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர், ஏறத்தாழ 171 மழை நாள் என்பது கணக்கு. எந்தப் புளோக்கின் தலையில் கொட்டும் என்பது வேறு கதை. வானிலை ஆய்வகம் தீவு முழுக்கத் தானியங்கி நிலையங்கள் வைத்திருக்கிறது. இருந்தாலும் நம் வாசலில் எவ்வளவு பெய்தது என்பது நாமே அளந்தால்தான் தெரியும். மூன்று வருடமாக அளக்கிறேன். நான் செய்த தப்புகளை நீங்கள் செய்யாமலிருக்க இந்தக் குறிப்பு.

படி 1: கடைக்குப் போகுமுன் இடம் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் கருவியை வாங்கிவிட்டு இடம் தேடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பெட்டி இரண்டு மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அடுக்குமாடி வீட்டில் மழையையும் காற்றையும் சரியாக அளக்க முடியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பாதி வருத்தம் மிச்சம். மழைமானிக்கு நாலு பக்கமும் திறந்தவெளி வேண்டும். பக்கத்தில் இருக்கும் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போலக் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். மூன்று மீட்டர் சுவர் என்றால் ஆறு மீட்டர். ஒன்பதாம் மாடி சன்னல் ஓரத்தில் அதற்கு வழியே இல்லை. வெளிச் சுவரிலோ சன்னல் விளிம்பிலோ எந்தக் கருவியையும் மாட்டவும் வேண்டாம். கீழே நடந்து போகிறவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், சட்டமும் சும்மா விடாது.

வீட்டோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றும் போதும். சென்சாரைக் காரிடாரில் நிழலான பக்கம் வைக்கலாம். நடக்க 1.2 மீட்டர் அகலம் விட்டிருக்க வேண்டும், சுவரில் துளை போடுவதாக இருந்தால் நகர மன்றத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் இரவில் வெப்பத்தை விடும், அதனால் ராத்திரி எண் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பரவாயில்லை, உங்கள் காரிடார் உண்மையிலேயே அவ்வளவு சூடுதான்.

முழு நிலையம் வேண்டுமா? தரைவீட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது பிடியுங்கள். எனக்குச் சிராங்கூனில் அக்கா வீடு. "தம்பி, கொல்லைப்புறம் முழுக்க எடுத்துக்க, என் பப்பாளி மரத்தை மட்டும் வெட்டச் சொல்லாதே" என்றார் அத்தான். அந்தப் பப்பாளியால் என் காற்றுத் திசை இன்றும் சரியாக வருவதில்லை.

படி 2: வாங்குவது

தொடக்கக்காரருக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கிட் போதும்: காற்று, மழை, வெப்பம், ஈரப்பதம் வெளியே, அழுத்தம் உள்ளே உள்ள திரைக்கருவியில். எகோவிட் போன்ற பிராண்டுகள் கைக்கு அடக்கம். டேவிஸ் நன்றாக உழைக்கும், விலை பல மடங்கு. நான் கொடுத்தது 180 வெள்ளி. சாலிடரிங் பிடிக்குமென்றால் சிம் லிம் டவரில் ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள குட்டிக் கணினிச் சில்லு), பிஎம்இ280 (வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் அளக்கும் சென்சார்) வாங்கி நீங்களே செய்யலாம், ஆனால் அது இரண்டாவது வருடத்து ஆசையாக இருக்கட்டும்.

இணையத்தில் வாங்கும்போது, வெளியே உள்ள சென்சார் திரைக்கருவியோடு பேசும் அலைவரிசையைப் பாருங்கள். அமெரிக்காவுக்கான 915 மெகாஹெர்ட்ஸ் பதிப்பு வேண்டாம், 433 எடுங்கள். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும் கருவிகளே அதிகம். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் காட்டினால் இணைப்பு வரவே வராது. அதற்கே நான் ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தேன்.

படி 3: மாட்டுமுன் சமையலறையில் இரண்டு சோதனை

முதலாவது உப்புச் சோதனை. ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சேறு மாதிரி ஆக்குங்கள். உப்பு கரைந்து போய்விடக்கூடாது. அதையும் சென்சாரையும் ஒரு ஜிப்லாக் பைக்குள் வைத்து மூடி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். என்னுடையது 79 காட்டியது, அமைப்பில் நான்கைக் கழித்துவிட்டேன்.

இரண்டாவது மழைச் சோதனை. மழைமானியின் புனலுக்குக் கீழே ஏற்ற இறக்கப் பலகை (சீ-சா) மாதிரி இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிரம்பினால் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் இத்தனை மில்லிமீட்டர் என்று கருவி எண்ணிக்கொள்கிறது. புனலின் விட்டத்தை அளந்து பரப்பைக் கணக்கிடுங்கள். என் புனல் 11 சென்டிமீட்டர், பரப்பு 95 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 9.5 மில்லிலிட்டர் தண்ணீர், 20 மில்லிமீட்டருக்கு 190 மில்லிலிட்டர்.

பாட்டில் மூடியில் ஊசியால் துளையிட்டு, 190 மில்லியையும் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விழ விடுங்கள். மடமடவென்று ஊற்றினால் கிண்ணம் சாயும் நேரத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராது. அடைமழையிலும் இதே கோளாறுதான், கொஞ்சம் குறைத்தே காட்டும். எனக்கு 18.2 வந்தது. 20-ஐ 18.2-ஆல் வகுத்தால் 1.10. அதை மழைத் திருத்த எண்ணாகப் போட்டேன். இந்த ஒரு மணி நேரத்தைச் சோம்பலால் விட்டால், வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் காணாமல் போயிருக்கும்.

படி 4: மாட்டுவது

வெப்ப சென்சார் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவில், அடுக்கடுக்கான வெள்ளைத் தட்டுகளுக்குள் இருக்க வேண்டும். சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் மாதம் ஒரு மதியம் என் திரை 41 டிகிரி காட்டியது. சிங்கப்பூரில் அதிகாரபூர்வமாகப் பதிவான உச்சமே 37.0 டிகிரிதான்: 1983 ஏப்ரலில் தெங்காவில், அப்புறம் 2023 மே 13 அன்று அங் மோ கியோவில். சாதனையை முறியடித்துவிட்டோம் என்று அத்தானைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். கம்பத்துக்கு இரண்டடி தூரத்தில் ஏர்கான் கம்ப்ரசர்.

கம்பத்தை ரசமட்டம் வைத்து நேராக்குங்கள். சாய்ந்திருந்தால் கிண்ணம் ஒரு பக்கமாகவே தூங்கும். கருவியில் உள்ள வடக்கு அடையாளத்தை உண்மையான வடக்குக்குத் திருப்ப வேண்டும். போனில் உள்ள திசைகாட்டியே போதும், இங்கே காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்று. சூரியத் தகட்டைத் தெற்கே திருப்பு, வடக்கே திருப்பு என்று கையேடு சொல்வதைக் கண்டுகொள்ளாதீர்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் பாதி வருடம் வடக்கே போகும், பாதி வருடம் தெற்கே போகும். தகடு வானத்தைப் பார்த்து இருந்தால் சரி.

படி 5: அழுத்தத்தை அமைப்பது, பிறகு அதை நம்பாமலிருப்பது

திரைக்கருவியில் கடல்மட்ட அழுத்தத்தை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். எட்டு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். ஒன்பதாம் மாடி என்றால் மூன்று சேர்க்க வேண்டிவரும். சாங்கி நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பொருத்திவிடுங்கள்.

இதைச் செய்து முடித்ததும் ஒரு வேடிக்கை தொடங்கும். தினமும் பிற்பகலில் திரையில் மழை மேகப் படம் வரும். வெளியே வெயில் கொளுத்தும். என் கருவி கெட்டுவிட்டதென்றே நினைத்தேன்.

கெடவில்லை. அழுத்தம் இறங்கினால் மழை என்பது குளிர் நாடுகளின் பாடம், கருவியும் அந்தப் பாடத்தைத்தான் படித்திருக்கிறது. வெப்பமண்டலத்தில் சூரிய வெப்பத்தால் வளிமண்டலம் முழுவதுமே நாளுக்கு இருமுறை கடல் அலைபோல ஏறி இறங்குகிறது. காலை பத்து, பதினொன்று மணிக்கு உச்சம், மாலை நாலு, ஐந்துக்குப் பள்ளம். இரவிலும் அதேபோல இன்னொரு சுற்று. ஏற்ற இறக்கம் மூன்று ஹெக்டோபாஸ்கல் வரும். பாடநூல்களில் உள்ள நேரத்தைவிட நமக்குச் சற்றுப் பிந்தி வருவதற்கு நம் கடிகாரம் காரணம். 1982-இல் அதை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து இங்கே சூரியன் உச்சிக்கு வர மதியம் ஒரு மணி ஆகிறது.

சரி, மழையை எதில் பார்ப்பது? வெப்பத்திலும் காற்றிலும். பிற்பகல் இடிமழைக்கு முன் காற்று சட்டென்று திசை மாறும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெப்பம் நாலைந்து டிகிரி இறங்கும். துணியை எடுக்க அந்த நேரம் போதும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கேயிருந்து வரும் சுமத்ரா ஸ்குவால் (வரிசையாக நகர்ந்து வரும் இடிமழைப் புயற்காற்று) இன்னும் அழகு: வெப்பக் கோடு செங்குத்தாக விழும், அதே நிமிடம் அழுத்தக் கோடு மேலே குதிக்கும், காற்றுக்கோடு ஊசிபோல எழும், பின்னாலேயே மழை. ஆமாம், கொட்டும்போது அழுத்தம் ஏறுகிறது. கையேட்டுக்கு நேர் எதிர்.

படி 6: ஒப்பிடுவது, பகிர்வது

அரசின் திறந்த தரவுத் தளத்தில் மழை அளவு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலையவாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. பக்கத்து நிலையத்தோடு ஒரு மாதம் ஒப்பிடுங்கள். ஒரு மழை ஒத்துப்போகாவிட்டால் கவலை வேண்டாம், மாதக் கூட்டல் எட்டாத தூரத்தில் இருந்தால் மட்டும் கருவியைப் பாருங்கள். விருப்பமிருந்தால், வீட்டு நிலையங்களின் அளவுகளைப் பகிரும் வெதர் அண்டர்கிரவுண்ட் இணையத்தளத்தில் பதிவு செய்யலாம், நிலைய எண்ணையும் கடவுச்சாவியையும் கருவியில் தட்டினால் முடிந்தது. வீட்டின் துல்லியமான இடத்தைக் கொடுக்காமல் தெருமுனையைக் குறியுங்கள்.

படி 7: மாதம் ஒருமுறை ஏணி

புனலில் இலை, மைனா எச்சம், எறும்புப் புற்று எல்லாம் சேரும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கையால் அளக்கும் கண்ணாடிக் குழாய் வைத்திருப்பவர்கள் தினமும் கவிழ்த்துவிடுங்கள். தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டால் டெங்கியும் வரும், அபராதமும் வரும்.

போன வருடம் மூடியைத் திறந்தபோது கிண்ணத்துக்குப் பக்கத்தில் இரண்டு பல்லி முட்டை. அக்கா எடுக்க விடவில்லை. குஞ்சு பொரித்துப் போகும்வரை எங்கள் மழைமானி விடுப்பில் இருந்தது. அந்த ஏழு வார மழையைப் பக்கத்து அரசு நிலையத்திலிருந்து எடுத்து, நோட்டில் பென்சிலால் எழுதி, ஓரத்தில் 'பல்லி' என்று குறித்து வைத்திருக்கிறேன்.