கடை வேலையோடு கரஸில் படிக்க நினைக்கிறவர்களுக்கு

எனக்கு வீரவநல்லூர். தினமும் காலை பாசஞ்சர் ஏறி திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, ஒரு பெயிண்ட் கடையில் கணக்கு எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. 34 வயதில் கரஸில், அதாவது தொலைநிலைக் கல்வியில், பி.காம். சேர்ந்து முடித்தேன். 2024-இல் எம்.காம். சேர்ந்தேன். ரயிலில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் என் கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நானும் சேரலாமா? எங்க போய்க் கேக்கணும்?" என்கிறார்கள். பேட்டை வருவதற்குள் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது, ஃபீஸ் எங்கே கம்மி என்று. அதை அப்புறம் பார்க்கலாம். இந்தப் படிப்பு உங்களுக்கு எதற்கு என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். போக வேண்டிய வழியே அதை வைத்துத்தான் மாறும்.

அரசு வேலைக்குப் பரீட்சை எழுதத்தான் பட்டம் என்றால், படித்த வரிசை முக்கியம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன் பிறகு பட்டம். இந்த வரிசையில் வந்த பட்டத்தைத்தான் அரசுப் பணிக்கு ஏற்பார்கள். 2009-இல் தமிழ்நாடு அரசு இதற்கு ஆணையே போட்டிருக்கிறது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண் பத்தாம் வகுப்போடு நின்றவள். பிளஸ் டூ இல்லாமலே டிகிரி வாங்கித் தருவதாக அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். குரூப் 2 என்று அவள் கனவு வைத்திருக்கிறாள். தனித்தேர்வராக முதலில் பிளஸ் டூ எழுது என்று சொன்னேன். இரண்டு வருஷம் கூடுதல்தான். ஆனால் ஐந்து வருஷம் கழித்து சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்படுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இருக்கிற வேலையில் சம்பளம் கூட வேண்டும் என்றால் முதலாளியிடமே கேளுங்கள். நான் கேட்டேன். எங்கள் கடை அண்ணாச்சி, "ஏம்மா, டிகிரி இருக்கட்டும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன நீயே போட்டிருவியா? ஆடிட்டர் ஆபீஸுக்கு மாசாமாசம் அலைய முடியல" என்றார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து அவருக்கு இருந்த தலைவலி அது. அவருக்கு வேண்டியது மூன்று வருஷப் பட்டம் இல்லை, சில வாரப் படிப்பு. அதற்கு மத்திய அரசின் ஸ்வயம் தளம் இருக்கிறது. அதில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் 4, 8, 12 வாரம் என்று கிடைக்கும். பாடம் கேட்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராவாரம் கொடுக்கும் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். பட்டத்தில் இறங்குவதற்கு முன்னால் இப்படி ஒரு எட்டு வாரப் பாடத்தை முடித்துப் பாருங்கள். வேலைக்குப் போய்க்கொண்டு உங்களால் உட்கார முடிகிறதா என்பது பெரிய செலவில்லாமல் தெரிந்துவிடும்.

வக்கீல், நர்ஸ், இன்ஜினியர், பார்மசி படிப்புகள் தொலைநிலையில் கிடையாது. யாராவது வாங்கித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். பி.காம். சேருவதற்கு முன்னால் ஒரு மையத்தில் 8,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் சொன்னார்கள், பளபளவென்று ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தைத் தொலைநிலையில் நடத்த அவர்களுக்கு அனுமதியே இல்லை என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பணம் திரும்ப வரவில்லை. அது சங்கிலியை அடகு வைத்துக் கட்டின பணம்.

அதனால் பணம் கட்டும் முன் யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டி.இ.பி.) இணையதளத்தைத் திறந்து மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: பல்கலைக்கழகத்தின் பெயர், உங்கள் பாடத்தின் பெயர், நீங்கள் சேரும் பருவம். பல்கலைக்கழகம் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, அந்த ஆண்டு அந்தப் பாடமும் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய பெயரானாலும் பாருங்கள். நமக்குப் பக்கத்தில் என்றால் அபிஷேகப்பட்டியில், தென்காசி ரோட்டில், 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அங்கே தொலைநிலை மற்றும் தொடர்கல்விக்கென்றே தனி இயக்ககம் இருக்கிறது. 2002-இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 'இக்னோ' என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை ஆள் சேர்க்கும். மூன்று வருஷப் பட்டத்தை முடிக்க ஆறு வருஷம் வரை அவகாசம் தரும். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு இந்த அவகாசம் பெரிய உதவி.

இப்போது பெயர் விஷயம். பெண்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2024 சேர்க்கையிலிருந்து தொலைநிலையில் சேர டி.இ.பி. ஐடி வேண்டும். அதை எடுக்க ஏ.பி.சி. ஐடி (நாம் படித்ததற்கான கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்) வேண்டும், அது டிஜிலாக்கர் வழியாக ஆதாரில் இருக்கிற பெயரை எடுத்துக்கொள்ளும். என் மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். இரண்டும் ஒத்துப்போகாமல் மூன்று வாரம் அலைந்தேன். ஆதாரில் பெயரை இரண்டு தடவைதான் மாற்ற முடியும், அதனால் யோசித்துச் செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ, புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே ஆதாரில் வரச் செய்வதுதான் நல்லது. சேர்க்கை தொடங்க மூன்று மாதம் இருக்கும்போதே இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள். பிரவுசிங் சென்டரில் போய் ஐடி எடுத்தால் உங்கள் சொந்த மொபைல் நம்பரையும் மெயிலையும் கொடுங்கள். அவர்கள் நம்பரைப் போட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவர்கள் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

சேர்ந்தாயிற்று, எப்போது படிப்பது? ராத்திரி படிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கடை அடைத்து வீடு வந்து சோறாக்கி முடித்தால் கண் தானாக மூடும். உங்கள் நாளில் யாரும் கூப்பிடாத நேரம் எது என்று பாருங்கள். எனக்கு அது ரயில். காருகுறிச்சி வரும்வரை நேற்றுப் படித்ததைத் திருப்பிப் பார்ப்பேன், சேரன்மகாதேவி தாண்டினால் புதுப் பாடம். ஆனால் ரயிலில் தியரிதான் ஓடும். காஸ்ட் அக்கவுண்டிங் கணக்கை மடியில் வைத்துப் போட முடியாது. அதற்கு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், அம்மா வீட்டு மச்சில். "ஏட்டி, இன்னைக்காவது கொஞ்சம் படுத்து எந்திரி" என்று அம்மா கீழேயிருந்து சத்தம் போடுவாள். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் யார் என்று சேரும் முன்பே பேசி வையுங்கள். மாமியாரோ, மைனியோ, யாராக இருந்தாலும் சரி.

புத்தகம் வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். இக்னோ பாடங்கள் எல்லாம் 'ஈ-ஞானகோஷ்' தளத்தில் இலவசமாக இருக்கின்றன. வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களும் எடுத்துப் படிக்கலாம். இக்னோவிலேயே சேருகிறவர்கள் அசைன்மென்டை அலட்சியம் செய்யாதீர்கள். பெரும்பாலான பாடங்களில் 30 சதவீத மதிப்பெண் அதற்குத்தான். என் சித்தி மகன் தேர்வில் பாஸ், அசைன்மென்ட் வைக்காததால் ஒரு பாடம் நின்றுபோனது.

தேர்வு அட்டவணை வந்த அன்றைக்கே நகல் எடுத்து முதலாளியிடம் கொடுத்து லீவு சொல்லிவிடுங்கள். முந்தின நாள் கேட்டால் அவராலும் ஆள் ஏற்பாடு செய்ய முடியாது. ஜூனில் தேர்வு என்றால் டவுனில் ஆனித் தேரோட்டம் எந்த நாள் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று பஸ்ஸெல்லாம் சுற்றித்தான் போகும்.

பாஸானதும் வேலை முடியவில்லை. மார்க் ஷீட்டுகளும் தற்காலிகச் சான்றிதழும் வந்த பிறகு, பட்டச் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். பலர் அதை விட்டுவிட்டு, வேலைக்குக் கூப்பிடும்போது ஓடுகிறார்கள். ரிசல்ட் வந்த மாதமே விண்ணப்பியுங்கள். கையில் வந்ததும், லேமினேட் செய்யாமல், நகல் எடுத்து, ஒரிஜினலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கிற இடத்திலேயே வையுங்கள்.