எஃப்எம் டிமாடுலேட்டர்: கோணத்தைக் கழிக்காதீர்கள், பெருக்குங்கள்

ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளில் (கணினியின் யூஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்) எஃப்எம் வானொலி கேட்க டிமாடுலேட்டர், அதாவது சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் நிரல் எழுதும்போது, ஒவ்வொரு ஐ-க்யூ மாதிரிக்கும் (ஒரு கணத்தின் சிக்னலைச் சொல்லும் இரண்டு எண்கள், சேர்ந்து ஒரு கலப்பெண்) கோணம் கண்டுபிடித்து முந்தையதைக் கழிப்பதுதான் முதலில் தோன்றும். ஆனால் கோணம் +180 பாகையிலிருந்து −180-க்குக் குதிக்கும் இடத்திலெல்லாம் 'டப் டப்' என்று சத்தம் வரும்.

இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. இப்போதைய மாதிரியை முந்தைய மாதிரியின் இணைக் கலப்பெண்ணால் (கற்பனைப் பகுதியின் குறியை மட்டும் மாற்றியது) பெருக்கி, விடைக்கு ஏடேன்2 (atan2, கோணம் தரும் சார்பு) போடுங்கள். கோண வித்தியாசம் நேராக வந்துவிடும், அதுதான் ஒலி. சிக்னலின் வீச்சு கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. ஒன்று மட்டும்: டாங்கிள் தருவது 0 முதல் 255 வரையான எண்கள், முதலிலேயே 127.5-ஐக் கழித்துவிடுங்கள்.

மாதிரி வேகத்துக்கு நான் சொல்வது விநாடிக்கு 2,40,000. எஃப்எம் ஒலிபரப்பின் உச்ச விலகல் (அலைவரிசை நடுவிலிருந்து விலகும் அதிகபட்ச அளவு) 75 கிலோஹெர்ட்ஸ் என்பதால், மாதிரிக்கு மாதிரி கோண வித்தியாசம் 112.5 பாகையைத் தாண்டாது; 180-க்குள் அடங்குவதால் குழப்பமில்லை. அப்புறம் ஐந்து மாதிரிக்கு ஒன்றை மட்டும் எடுத்தால், ஒலிக்கு விநாடிக்குச் சரியாக 48,000. எடுப்பதற்கு முன் 15 கிலோஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஃபில்டர் (அதற்கு மேலுள்ள அதிர்வெண்களை வெட்டுவது) கட்டாயம். இல்லாவிட்டால் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் (ஸ்டீரியோவுக்கான அடையாள ஒலி) அப்படியே தங்கும், ஸ்டீரியோ பகுதியும் மடங்கி வந்து ஒலியோடு கலக்கும்.

பேச்சில் 'ஸ்ஸ்' தூக்கலாக, இரைச்சலோடு கேட்டால் டீ-எம்ஃபசிஸ் (ஒலிபரப்பில் தூக்கி அனுப்பிய உயர் அதிர்வெண்களைத் திரும்பக் குறைப்பது) விட்டுப்போயிருக்கிறது. இந்தியாவில் அதன் நேர மாறிலி 50 மைக்ரோவிநாடி, அமெரிக்காவில் 75. நம் ஊருக்கு, 48,000 வேகத்தில் ஒரே வரி போதும்: புது மாதிரி × 0.341 + முந்தைய விடை × 0.659.