அண்ணன் தம்பி அக்கா தங்கை சண்டை: நான் செய்த தவறுகள்

கும்பகோணத்திலிருந்து திருவையாறு போகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் ஒன்றுதான் கிடைத்தது. பிள்ளைகள் இரண்டு பேர்: மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. கபிஸ்தலம் வரை அவள், அப்புறம் அவன் என்று பேசி உட்கார்ந்தோம். சுவாமிமலை தாண்டுவதற்குள் புகார் வந்துவிட்டது. "அம்மா, அக்கா காத்தையெல்லாம் அவளே குடிக்கிறா!"

இப்படிப்பட்ட வழக்குகளில் நான் செய்த முதல் தவறு, "யார் ஆரம்பிச்சது?" என்று கேட்டது. கேட்டால் வழக்கு பின்னாலேயே போகும். பென்சிலில் தொடங்கி, போன ஆடிப்பெருக்கில் சப்பரக் கயிறு யார் கையில் இருந்தது என்பதில் போய் நிற்கும். எங்கள் பக்கத்தில் பதினெட்டாம் பெருக்கன்று பிள்ளைகள் சின்னச் சப்பரத்தைத் தெருவில் இழுத்துப் போவார்கள். எங்கள் வீட்டில் சப்பரம் ஒன்று, கயிறு ஒன்று. காவிரித் தண்ணீரைப் பங்கு போட 1990-ல் அமைத்த நடுவர் மன்றமே 2007-ல்தான் இறுதித் தீர்ப்பு சொன்னது. நானோ தோசை கருகுவதற்குள் கயிற்று வழக்கை முடிக்கப் பார்த்தேன்.

நாம் நீதிபதியானால் இருவரும் நம்மிடம் வாதாடுவார்களே தவிர, அவர்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள். இப்போதெல்லாம், "கயிறு ஒண்ணு, நீங்க ரெண்டு பேர், என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அவள் இழுப்பது, அவன் முன்னால் "வழி விடு" என்று கத்திக்கொண்டு ஓடுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். தனக்குத்தான் பெரிய பதவி என்பது அவன் நினைப்பு.

அடுத்தது, அளவை நிரூபிக்கப் போவது. ஒரே அளவு பாலை அவளுக்கு டம்ளரிலும் அவனுக்கு டவராவிலும் கொடுத்தேன். "அவளுக்குத்தான் நிறைய!" அவன் பாலை அவன் கண்முன்னாலேயே டம்ளருக்கு மாற்றினேன். உடனே சிரிப்பு. ஆற்றித் தருகிறேன் என்று திரும்ப டவராவில் ஊற்றியதும், "இப்ப ஏன் குறைச்சே?" என்று அழுகை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதையே சோதனையாகச் செய்து பார்த்தவர். ஏறக்குறைய ஏழு வயது வரை பல பிள்ளைகளுக்கு உயரமாகத் தெரிவதுதான் அதிகம். அவன் அடம்பிடிக்கவில்லை, அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. விளக்கம் வீண், ஒரே மாதிரி இரண்டு டம்ளர் வாங்குங்கள். அசோகா அல்வாவுக்கு வேறு வழி: ஒருவர் பங்கு போட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். என் மகள் பங்கு போடும் அழகைப் பார்த்தால் நகைக்கடைத் தராசு வெட்கப்படும்.

"நீ பெரியவதானே, விட்டுக்கொடு" என்பதை நிறுத்திவிட்டேன். "நான் எப்பம்மா சின்னவளா ஆவேன்?" என்று அவள் ஒருநாள் கேட்டதோடு சரி.

பந்தயம் வைப்பதும் வேண்டாம். ஒரே ஒரு பழத்துக்குப் பந்தயம் வைத்து, ஒரு பிள்ளை கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன கதை நமக்குத் தெரியாததா?

பெரியவர்களின் கேலி இன்னும் மோசம். நெல் விளைகிற ஊர் என்பதால், "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லாத மாமா இங்கே கிடையாது. நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டு நாள் கழித்து ரைஸ் மில் வாசலில் பையன் நகர மறுத்தான். திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று பயம்! நான் என்ன சொல்லியும் நம்பவில்லை. அக்காதான் சமாதானம் சொன்னாள்: "அந்தத் தவிட்டை மாடு தின்னுடுச்சுடா. இனிமே உன்னைத் திருப்பித் தர முடியாது."

"ஸாரி சொல்லு" என்று இழுத்து நிறுத்துவதும் தேவையில்லை. கா விட்டவர்களுக்குப் பழம் விடவும் தெரியும்.

ஆனால் கடிப்பது, கல்லை எடுப்பது, படித்துறையில் தள்ளுவது இவற்றில் வேடிக்கை பார்க்கக் கூடாது. மேட்டூர் திறந்து ஆறும் வாய்க்காலும் நிறைந்து ஓடும் மாதங்களில் கேள்வியே இல்லை, முதலில் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட வேண்டும்.

கபிஸ்தலம் வந்தது. கபி என்றால் குரங்கு என்று மகள் எங்கோ கேட்டிருக்கிறாள். "உன் ஊர் வந்துடுச்சு, இறங்குடா குரங்கு" என்றாள்.

அவன் ஜன்னலோரத்துக்கு நகர்ந்து, காற்றை நன்றாக இழுத்துக்கொண்டு சொன்னான்: "சரி, நீ குரங்கோட அக்கா."